ஆரம்பநிலை மணல்

அமீரகத்தில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர், வாங்கி முடித்த பிறகுதான் அது எதற்கு என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். ஷார்ஜாவில் குடியிருந்து துபாயில் வேலை பார்க்கிற ஆளுக்கு, அல் இத்திஹாத் சாலை நெரிசலில் காலையும் மாலையும் ஊர்ந்து போக இரண்டு சக்கரம் சுழன்றாலே அதிகம். மற்ற இரண்டும் சும்மா சம்பளம் வாங்கிக்கொண்டு கூடவே வருகின்றன. என் பழைய பஜேரோவும் அப்படித்தான். எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர், "இது போன கரடுமுரடான இடம்னா சூப்பர் மார்க்கெட் பேஸ்மென்ட் பார்க்கிங்தான்" என்று பெருமையாகச் சொல்லி விற்றார். அதற்காகவே விலையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்.

அக்டோபர் பிறந்து வெயில் தணிந்ததும் இங்கே எல்லோருக்கும் பாலைவனம் ஞாபகம் வந்துவிடும். அதிலும் 2022 முதல் ஷார்ஜா அரசு ஊழியர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு என்று 3 நாள் வார விடுமுறை. பக்கத்து வீட்டுக்காரர்கள் 3 நாள் மணலில் புரண்டுவிட்டு வந்து சொல்லும் கதைகளை, 2 நாள் விடுமுறைக்காரனான நான் கேட்டு முடிக்க வேண்டும். கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்தது. விவரமான ஆள் என்ற முறையில் முதலிலேயே விசாரிக்கத் தொடங்கினேன்: வண்டியில் எந்த மாற்றமும் செய்யவில்லை, ஓட்டுகிறவனும் புதிது; இப்படிப்பட்ட ஜோடிக்கு ஏற்ற பாதை எது?

கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்: "எல்லாம் ஈஸிதான்."

நம்மூரில் வழி கேட்டால் "இதோ, கூப்பிடு தூரம்" என்பார்களே, இந்த ஈஸியும் அந்த ரகம். கூப்பிடுகிறவருக்கு எவ்வளவு தொண்டை என்பது நமக்குத் தெரியாது. ஒருவர் ஈஸி என்ற பாதையில், அவர் தம்பி வண்டியைக் குப்புறக் கவிழ்த்திருந்தார். "அவன் அவசரப்பட்டுட்டான், மத்தபடி ஈஸி" என்றார். எங்கள் கட்டடத்தின் கீழ் அவ்வப்போது வண்டி நிறுத்தும் அமீரகப் பெரியவர் ஒருவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மாஃபி முஷ்கில்" என்றார். பிரச்சினையே இல்லை என்று பொருள். பிறந்ததிலிருந்து மணலில் ஓட்டுகிறவர் சொல்லும் மாஃபி முஷ்கிலை நம்பி, மின்சார ரயிலில் பழகியவர்கள் காரியத்தில் இறங்கக் கூடாது. சென்னையில் இருக்கும் மைத்துனன் வீடியோ பார்த்தே பாலைவனத்தைக் கரைத்துக் குடித்தவன். "மாமா, உங்க வண்டி டக்கர் ராலில 12 தடவை ஜெயிச்ச வண்டி மாமா! நீங்க சும்மா உக்காந்திருந்தாலே அதுவே ஏறிடும்" என்றான். 12 என்ற கணக்கு சரிதான். பஜேரோ குடும்பத்து வண்டிகள் 1985-க்கும் 2007-க்கும் இடையில் அத்தனை தடவை ஜெயித்திருக்கின்றன. ஆனால் ஜெயித்த வண்டி வேறு, பேஸ்மென்ட்டில் வளர்ந்த வண்டி வேறு என்பதை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

இதற்கிடையில் எங்கள் அலுவலக அண்ணாச்சி வந்து சேர்ந்தார். நெல்லைக்காரர். அவருடைய வண்டியில் கம்பெனிக்காரன் கொடுத்ததில் மிச்சம் இருப்பது ஹாரன் மட்டும்தான் என்பார்கள். என் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன தம்பி, வண்டி இப்பிடி மொட்டையா நிக்கி? இத வச்சிக்கிட்டு மணலுக்குள்ள போனா ஒட்டகம் சிரிக்கும்லா!"

ஒட்டகம் சிரிக்காமல் இருக்க என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டார். வண்டியை நாலு அங்குலம் தூக்க லிஃப்ட் கிட். முரட்டு டயர். கூரையில் விளக்கு வரிசை. இன்ஜினுக்கு மேலிருந்து மூச்சு வாங்க ஸ்நார்க்கல். முன்னால் ஒரு விஞ்ச். மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்தால் இன்னொரு பஜேரோவே வாங்கி, ஒன்று சிக்கினால் மற்றொன்றால் இழுத்துக்கொள்ளலாம் என்று வந்தது. விஞ்ச் மட்டும் எனக்குப் புரியவில்லை. அதன் கம்பி வடத்தை எதிலாவது கட்டினால்தானே வண்டி வெளியே வரும். மணல்காட்டில் எதில் கட்டுவது? கண்ணுக்கு எட்டிய தூரத்தில் மரம் என்று ஒன்று இருந்தால் அது காஃப் மரமாக இருக்கும். அமீரகத்தின் தேசிய மரம், சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது. அதில் கட்டி இழுத்தால் வண்டி வெளியே வருகிறதோ இல்லையோ, நாம் உள்ளே போய்விடுவோம்.

பட்டியலை எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனை டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் மலப்புறத்துச் சேட்டன். நிதானமாகப் படித்துவிட்டு, வியாபாரம் தெரியாத மனிதர், உண்மையைச் சொல்லிவிட்டார்.

"எந்தினா சாரே இதொக்கே? காத்து குறச்சா மதி."

காற்றைக் குறைத்தால் போதுமாம். செலவே இல்லாத யோசனை என்பதால் அண்ணாச்சிக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. ஆனால் அந்தச் சேட்டனுக்குப் பின்னால் பெரிய சரித்திரமே இருக்கிறது. ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1920-களின் கடைசியில் எகிப்திலிருந்து லிபியப் பாலைவனத்துக்குள் ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு போனார். அந்தக் கார்களில் இழுத்தவை பின்சக்கரங்கள் இரண்டுதான். டயரில் காற்றைக் குறைப்பது, சிக்கிய சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு கொடுப்பது, சூரிய நிழலை வைத்துத் திசை பார்ப்பது என்று இன்றைக்கும் மணலோட்டிகள் பின்பற்றும் பாடங்களில் பாதி அந்தக் கூட்டத்தின் அனுபவத்தில் திரண்டவை. பிறகு அந்த மனிதர் காற்றில் மணல் எப்படி நகர்கிறது என்று ஆராய்ந்து 1941-இல் ஒரு புத்தகமே எழுதினார். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு மணல்மேட்டுக் கூட்டத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். இரண்டு சக்கரம் இழுக்கும் காரை வைத்துக்கொண்டு செவ்வாய் வரை பெயர் எடுத்தவர் இருக்க, நான்கும் இழுக்கும் வண்டியை மொட்டை என்பது எனக்கே பொறுக்கவில்லை.

விஷயம் எளியது. தார்ச்சாலையில் 35 பிஎஸ்ஐ வைத்திருக்கும் டயரை மணலில் 15 அளவுக்கு இறக்கினால், டயர் அகலத்தில் கொஞ்சமும் நீளத்தில் அதிகமும் தரையோடு படிந்துகொள்ளும். வண்டியின் எடை பரவிவிடும். சக்கரம் மணலை வெட்டாமல் மேலே மிதக்கும். இதற்காகக் கொடுக்க வேண்டிய விலை, வளைவில் அடக்கம். காற்று இறங்கிய டயரோடு ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் விளிம்பைவிட்டுக் கழன்று தனியே நிற்கும். அதற்கு இங்கே 'பாப் அவுட்' என்று பெயர். அப்படிக் கழன்ற டயரைச் சரிவில் நின்றுகொண்டு மாட்டியவர்கள் அதற்குப் பிறகு யாரிடமும் கோபப்படுவதில்லை.

வண்டிக்கு ஒன்றும் வேண்டாம் என்று முடிவானது. பாதைதான் மிச்சம். வரைபடத்தை விரித்தேன். எடுத்த எடுப்பிலேயே என் மனைவி ஒரு கேள்வி கேட்டு வரைபடத்தில் பாதியைக் காலி செய்தாள்.

"என்னங்க, அங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

லிவா அந்தக் கேள்வியிலேயே அடிபட்டது. அபுதாபியின் தெற்கே, ரூப் அல் காலி என்ற 6.5 லட்சம் சதுர கிலோமீட்டர் வெற்றுவெளியின் விளிம்பில் இருக்கிறது அது. அங்கே உள்ள தல் மொரீப் மணல்மலை கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரம். குளிர்காலத் திருவிழாவில் அதன் மேல் வண்டிகளை ஏற்றிப் போட்டி வைப்பார்கள். எங்களைப் போன்றவர்கள் பேசுவதற்கு ஏற்ற இடம், போவதற்கு அல்ல.

மிஞ்சியவை பக்கத்து ஊர்கள். துபாய்–ஹத்தா சாலையில் அல் பதாயர் என்ற இடத்தில் பிக் ரெட் இருக்கிறது. ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் செக்கச் சிவந்த மேடு. ஊரில் யார் வண்டி வாங்கினாலும் முதலில் அங்கே போய்த்தான் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். விடுமுறை மாலையில் அங்கே வாடகை பக்கிகளும் குவாட் பைக்குகளும் நாலா பக்கமும் பாயும். மேட்டின் உச்சிக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார் என்று இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. அதற்காகத்தான் வண்டிகளில் உயரமான கம்பு நட்டுக் கொடி கட்டுகிறார்கள். கொடியை மட்டும் பார்த்து ஓட்டும் கலை எனக்குக் கைவராது.

லஹ்பாபிலும் சிவப்பு மணல்தான். டெசர்ட் சஃபாரி என்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவரும் லேண்ட் க்ரூஸர்கள் சரிவில் சறுக்கிக் காட்டும் இடம். அந்த வண்டிகளின் உள்ளே இரும்புக் குழாயால் கூண்டு அடித்திருப்பார்கள். கூண்டு எதற்கு என்று யோசிக்கிறவருக்கு, இது ஆரம்பநிலை மணலா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

அல் குத்ரா பக்கம் மேடுகள் தாழ்வு, துபாய்க்கும் பக்கம். ஆனால் அந்த வட்டாரத்தில் மர்மூம் பாலைவனக் காப்பகம் இருக்கிறது. எது வேலிக்கு உள்ளே, எது வெளியே என்று முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஓரிக்ஸ் மான்களுக்கு நம் ஆரம்பநிலை பற்றிக் கவலையில்லை. இன்னொன்று, ஊர் கூடி இறைச்சி சுடும் இடம் அது. மரப்பெட்டிகளை உடைத்து எரித்துவிட்டுப் போவார்கள். மரம் சாம்பலாகிவிடும், ஆணிகள் ஆகாது. அவை மணலுக்குள் படுத்துக்கொண்டு, காற்று இறக்கிய டயருக்காகக் காத்திருக்கும்.

பிறகு சப்கா என்ற உப்புத்தரை. பார்க்க வெள்ளையாக, சமதளமாக, பரம சாதுவாக இருக்கும். மேட்டையே பார்க்காதவர்கள் "இதுதான் ஈஸி" என்று அதில்தான் இறங்குவார்கள். மேலே காய்ந்த ஓடு; மழை பெய்திருந்தால் அடியில் சேறு. பாலைவனத்தில் சேற்றில் சிக்கினேன் என்று வீட்டுக்கு போன் செய்தால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இந்த நிலையில்தான் டீச்சர் கிடைத்தார். நாகர்கோவில்காரர். இங்கே ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறார். பல வருடங்களாக, கம்பெனி கொடுத்த நிலையிலேயே இருக்கும் ஒரு வண்டியை வைத்துக்கொண்டு, புதியவர்களை மணலுக்கு அழைத்துப் போய் அதே எண்ணிக்கையில் திருப்பிக் கொண்டுவருகிறவர். அவரிடமும் என் கேள்வியை வைத்தேன். அவர் ஈஸி என்று சொல்லவில்லை.

"பாதை ஈஸியான்னு பாதைய கேக்காதீங்க தம்பி. மணி என்ன, காத்து எந்தப் பக்கம், டயர்ல எவ்வளவு, கூட வாறது யாரு? இந்த நாலுக்கும் பதில் இருந்தா பாதைய நான் சொல்லுதேன்."

வினாத்தாளில் முதல் கேள்வி, மணி. குளிர்கால விடியலில் பனி இறங்கி மணல் கொஞ்சம் இறுகியிருக்கும். சூரியன் ஏறி ஈரம் போனதும் அதே மணல் பொலபொலத்துவிடும். காலை 7 மணிக்கு வண்டி வழுக்கிக்கொண்டு ஏறிய மேடு, 11 மணிக்குச் சக்கரத்தை விழுங்கும். மேடு அதேதான்.

இரண்டாவது, காற்று. இந்தப் பக்கம் ஷமால் என்ற வடமேற்குக் காற்று பேர்போனது. காற்று மணலைத் தள்ளிக்கொண்டு வருகிற பக்கம் மேடு மெல்லச் சரிந்திருக்கும், மணலும் இறுகியிருக்கும். உச்சியைத் தாண்டி மணல் கொட்டுகிற மறுபக்கம் செங்குத்து, 30 டிகிரிக்கு மேல், எல்லாம் உதிரி மணல். காய்ந்த மணல் அதற்கு மேல் நிற்காது, தானாகவே சரிந்துவிடும். ஆக, மெல்லிய பக்கம் ஏறி உதிரிப் பக்கம் இறங்குவது சுகம். இறங்கியாயிற்று; வந்த வழியே வீட்டுக்குப் போகலாம் என்று திரும்பினால், எதிரே இருப்பது சுவர். ஒரே பாதைதான், போகும்போது ஆரம்பநிலை, வரும்போது முதுகலை. ஈஸி என்று எனக்குச் சொன்னவர்கள் அத்தனை பேரும் போகிற வழியை மட்டுமே சொல்லியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

மூன்றாவது கேள்விக்குச் சேட்டன் பதில் சொல்லிவிட்டார். நாலாவது கேள்விக்குப் பதில், அண்ணாச்சி. என் வண்டி தாங்காது என்று என்னைக் காப்பாற்றுவதற்காகவே அவரும் வருவதாகச் சொல்லிவிட்டார்.

டீச்சர் தேர்ந்தெடுத்தது ம்லெய்ஹா பக்கத்தில், தார்ச்சாலை கண்ணில் படும் தூரத்தில் இருந்த தாழ்ந்த மேடுகளை. பாத்ரூமுக்கும் பக்கம் என்பதால் என் மனைவி உடனே ஒப்புதல் கொடுத்தாள். அங்கே ஃபாசில் ராக் என்று ஒரு சுண்ணாம்புக் குன்று. ஒரு காலத்தில் கடலடியாக இருந்த பாறை. சிப்பியும் நத்தையும் கல்லாகி அதில் பதிந்திருக்கின்றன. சற்றுத் தள்ளி ஜெபல் ஃபாயா. அங்கே தோண்டியதில் சுமார் 1,25,000 ஆண்டுக்கு முந்தைய கல்லாயுதங்கள் கிடைத்ததாக 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2025-இல் அந்த நிலப்பரப்பு யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட ஆதிமனிதர்கள் இந்த வழியாக வந்து தங்கியிருக்கலாம் என்கிறார்கள். அவர்களும் கம்பெனி கொடுத்த காலில் எந்த மாற்றமும் செய்யாமல்தான் வந்தார்கள் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். "அப்ப மணல் வேற தம்பி" என்றார்.

மணலின் விளிம்பில் வண்டிகளை நிறுத்தி எல்லோரும் காற்றை இறக்கினோம். அண்ணாச்சி மட்டும் இறக்கவில்லை. அவருடையது முரட்டு டயர். அதன் விலைக்கு அது 35-லேயே ஏற வேண்டும் என்பது அவர் கட்சி. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கேள்வி கேட்காத மாணவனுக்கு மணலே பாடம் எடுக்கட்டும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. ஃபோர் வீலில் போடு, டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணை, மேட்டின் மேல் குறுக்கே ஓட்டாதே, நேராக ஏறு, நேராக இறங்கு, நிற்பதென்றால் பிரேக்கை மிதிக்காமல் தானாக உருண்டு நிற்கவிடு, அதுவும் இறக்கத்தைப் பார்த்து நிற்கவிடு. இவ்வளவையும் வாக்கிடாக்கியில் வருகைப்பதிவு எடுக்கும் குரலில் சொல்லிக்கொண்டே முன்னால் போனார்.

டீச்சர் ஏறினார். அவர் தடத்திலேயே நானும் ஏறினேன். பஜேரோவுக்குத் தன் குலப்பெருமை ஞாபகம் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். பிள்ளைகள் பின்னால் கைதட்டினார்கள். மூன்றாவதாக வந்த அண்ணாச்சியின் விளக்கு வரிசை மட்டும் மேட்டின் பாதியில் நின்றது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. வண்டி பின்னால் போகவில்லை, கீழே போய்க்கொண்டிருந்தது.

"ஆக்சிலேட்டரை விடுங்க! நீங்க ஏறல, கிணறு வெட்டுதீங்க!" என்றார் டீச்சர் வாக்கிடாக்கியில்.

அண்ணாச்சி அதை உற்சாகமூட்டும் வார்த்தையாக எடுத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் வெட்டினார். நாலு அங்குலம் தூக்கிய வண்டி, தூக்காத என் வண்டியின் உயரத்துக்கு வந்தது. பிறகு அதற்கும் கீழே போனது.

இறங்கி ஓடினோம். அவசரக்காரர் ஒருவர் கயிற்றை எடுத்து வண்டியின் பின்னாலிருந்த இழுவைக் குமிழில் மாட்டப் போனார். டீச்சர் போட்ட சத்தத்தில் கயிறு தானாகக் கீழே விழுந்தது. அந்தக் குமிழ் டிரெய்லரைச் சாலையில் மெல்ல இழுத்துப் போவதற்காகச் செய்யப்பட்டது. மணலில் சிக்கிய வண்டியை வெடுக்கென்று இழுத்தால் ஒடிந்து பீரங்கிக் குண்டாகப் பறக்கும், உயிரே போயிருக்கிறது என்றார். சேசிஸோடு சேர்ந்த கொக்கி எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே, படுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். கூட்டத்தில் பாதிப் பேர் அங்கேயே மணலில் படுத்துத் தங்கள் வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில், எங்கிருந்து வந்தார் என்று தெரியாமல், ஒரு பழைய ஹைலக்ஸ் பிக்கப்பில் கந்தூரா அணிந்த பெரியவர் ஒருவர் வந்து இறங்கினார். பின்னால் மூன்று ஆடுகள். எங்களுக்கு சலாம் சொன்னார். சிக்கிய வண்டியைச் சுற்றிவந்தார். ஸ்நார்க்கலை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு ஒருவரையும் கேட்காமல் குனிந்து, சாவி முனையால் ஒவ்வொரு டயராக அழுத்தி, காற்றை உஸ்ஸென்று இறக்கினார். அளவு பார்க்க மீட்டர்கூட இல்லை. காதால் கேட்டே நிறுத்தினார். சக்கரங்களுக்குப் பின்னால் கையால் மணலை ஒதுக்கினார். அண்ணாச்சியை இறங்கச் சொல்லி, தானே ஏறி உட்கார்ந்து, ரிவர்ஸில் போட்டு, வந்த தடத்திலேயே நகத்தால் கீறுகிற வேகத்தில் பின்னால் எடுத்தார். வண்டி ஒன்றுமே நடக்காத பாவனையில் வெளியே வந்தது. கயிறு இல்லை, தகடு இல்லை, விஞ்ச் இல்லை. "மாஃபி முஷ்கில்" என்று சொல்லிவிட்டு ஆடுகளோடு போய்விட்டார்.

அண்ணாச்சி வெகுநேரம் அந்தத் திக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பாத்தியளா, ஸ்நார்க்கல் இருந்ததாலதான் இன்ஜின் மூச்சுத் திணறல."

புளியோதரை பிரிக்கும்போதும் அவர் முகம் தெளியவில்லை. தேற்றுவதற்காக நாசா கதையைச் சொன்னேன். செவ்வாயில் ஸ்பிரிட் என்ற ஊர்தி 2009-இல் மணலில் சிக்கியது. 6 சக்கரம், அதில் ஒன்று ஏற்கெனவே பழுது. மேலோட்டைப் பார்த்து நம்பிக் கால்வைத்தது. உள்ளே பொலபொல மணல். கலிஃபோர்னியாவில் ஒரு தொட்டியில் மணல் பரப்பி, மாதிரி ஊர்தியை அதில் சிக்கவைத்து, பொறியாளர்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சிக்கிய இடத்திலேயே இருந்து ஆராய்ச்சி செய் என்று 2010-இல் அதற்கு வேலையை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதன் இரட்டையான ஆப்பர்ச்சூனிட்டி 2005-இல் சிக்கியபோது, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சுமார் 5 வாரத்தில் வெளியே எடுத்தார்கள். அங்கே காற்று இறக்க டயரும் இல்லை, ஆட்டுக்காரப் பெரியவரும் இல்லை.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நாசாவுக்கு 5 வாரம் ஆச்சு. நமக்கு அரை மணி நேரம்" என்று இரண்டாவது தட்டு புளியோதரை வாங்கிக்கொண்டார்.

அதற்குள் ஊரிலிருந்து அம்மாவின் வாட்ஸாப் அழைப்பு. எங்களுக்குத் திருச்செந்தூர் பக்கம், குதிரைமொழித் தேரியை ஒட்டிய கிராமம். இரும்புச் சத்து ஏறிச் சிவந்த மணல் மேடு மேடாகக் கிடக்கும் ஊர். லஹ்பாபின் சிவப்புக்கும் காரணம் அதே இரும்புதான். கேமராவைத் திருப்பிக் காட்டினேன்.

"ஏல, இது நம்ம தேரி மாதிரிலா இருக்கு? இந்த மண்ணுக்குப் பயந்துதான உங்க அப்பா உன்னைப் படிக்க வச்சி கப்பலேத்தாத கொறையா அனுப்புனாவ! அங்க போயி துட்டு குடுத்து அதே மண்ணுல உருளுதியா?"

"வண்டி சிக்கினா எப்பிடி எடுக்கதுன்னு படிக்கோம்மா."

"அதுக்கு அங்க போணுமா? உங்க தாத்தா மாட்டுவண்டி தேரியில அமுந்தா சக்கரத்துக்கு அடியில நாலு பனமட்டய போட்டு ஏத்திட்டு வந்துருவாவ. சரி, கற்குவேல் அய்யனாரை நெனச்சிக்கிட்டு வெளிய வா. வெயிலு ஏறுது."

பாக்னால்டின் இரும்புத் தகடும் தாத்தாவின் பனைமட்டையும் ஒரே பாடம்தான். செவ்வாயில் மணல்மேட்டுக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் எங்கள் கிராமத்தை யாரும் விசாரிக்கவில்லை.

அம்மா சொன்ன அதே வார்த்தையை டீச்சரும் சொன்னார்: வெயில் ஏறுது, திரும்பலாம். எதிரே ஒரு அழகான மேடு இருந்தது. பிள்ளைகள் கெஞ்சினார்கள். அண்ணாச்சி, காற்று இறங்கிய டயரின் புது ருசியில், தானே முதலில் ஏறுவதாகச் சொன்னார். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "அது நாளைக்கும் இருக்கும். இருக்காட்டியும் பரவாயில்ல, பக்கத்துல வேற ஒண்ணு இருக்கும்." புதியவர்களுக்கு ஏற்ற பாதையின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஏறாமல் திரும்ப முடிகிற பாதை. சிக்கினால் நடந்தே தார்ச்சாலைக்குப் போக முடிகிற பாதை. கூட வருகிறவர்கள் "விடு, போகலாம்" என்று சொன்னால் மானம் போகாத பாதை. இந்த மூன்றும் இருந்தால் அல் குத்ராவும் சரி, ம்லெய்ஹாவும் சரி, எந்த வண்டியும் சரி. இல்லாவிட்டால் வண்டியை நாலு அங்குலம் தூக்கினாலும் ஒன்றுதான், நாற்பது அங்குலம் தூக்கினாலும் ஒன்றுதான்.

செங்குத்துப் பக்கங்களை விட்டு விலகி, மேடுகளுக்கு இடையில் தாழ்வான சந்துகளாகத் தேடித் தேடி, சுற்றிவளைத்து வெளியே வந்தோம். போன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆயிற்று. டீச்சர் முன்பே சொல்லியிருந்ததால் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

காற்றில்லாத டயரோடு தார்ச்சாலையில் வேகமெடுத்தால் டயர் சூடேறி வெடித்துவிடும் என்பதால், அருகிலிருந்த பெட்ரோல் பங்க் வரை ஊர்வலமாக ஊர்ந்தோம். அங்கே காற்று அடிக்கும் குழாய் ஒன்றுதான்; வரிசையில் நின்றோம். வரிசை என்றால் பேச்சு வராமல் இருக்குமா? டயர் 18-ஐத் தொட்டபோது, நாங்கள் ஏறிய மேடு இரண்டு மாடி உயரம் என்றார் ஒருவர். 25-இல் அது நாலு மாடியானது. உச்சியில் காற்று வேறு பலமாக அடித்திருந்தது. 30-இல் ஹைலக்ஸ் பெரியவர் கதையிலிருந்து இறங்கிக்கொண்டார். அண்ணாச்சி தானே ரிவர்ஸ் எடுத்திருந்தார். மீட்டர் 35 காட்டியபோது பிக் ரெட்டுக்கும் எங்கள் மேட்டுக்கும் இடையில் சில அடிதான் வித்தியாசம். அண்ணாச்சி மட்டும் தன் முரட்டு டயருக்கு இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொன்னார்.